சூடு தாங்கும் கை

அக்டோபர் 14, திங்கள்

உரக்கடை அண்ணாச்சி போன வருடத்து டைரி ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். அவர் தொடையில் இருந்த படர்தாமரை அம்மாவின் பச்சிலை மருந்தில் ஆறிவிட்ட சந்தோஷம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கிழமைகள் ஒத்து வரவில்லை. அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. ஆள் முன்னால் நின்றால் சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிடும். "பேரு மட்டும் பேச்சியம்மா. வாயத் தொறந்தா காத்துதான் வருது" என்பாள் சுடலி அத்தை. அடுத்த வீட்டுக்காரி, பீடி சுற்றுகிறவள். சொந்தம் இல்லை. அம்மாவை மதினி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை ஆகிவிட்டாள்.

இன்று வாய்க்கால் கரையில் குப்பைமேனி பறித்தேன். மஞ்சளும் கல்லுப்பும் வைத்து அரைத்துக் கொடுத்தேன். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தேன். வெயில் ஏற ஏற எண்ணெய் கருநீலமாக மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அக்டோபர் 17, வியாழன்

நடவு தொடங்கிவிட்டது. சேற்றில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோன பெண்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மருதாணி அரைத்து அரைத்து என் கை சிவந்துவிட்டது.

அம்மா மருந்து போடும் விதம் எல்லாருக்கும் தெரியும். பூசிவிட்டு, "எரியுதா?" என்று கேட்பாள். எரியுது என்றால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லை என்றால் மறுபடி பூசுவாள். மறுபடியும் கேட்பாள். பச்சைப் பிள்ளையாக இருந்தால் அழுகையே பதில். இன்று ஒரு பெண் காலை உதறிக்கொண்டு, "எரியுது மதினி, எம் மாமியா பேச்சு கூட இப்படி எரிஞ்சதில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அடுப்படிக்குள் இருந்து சிரித்தேன்.

பிறகு ஊமத்தை எண்ணெய் காய்ச்சினோம். இதைப் பார்க்கவே சிலர் காத்திருப்பார்கள். எண்ணெய் கொதிக்கும்போது இலைக்கசடு அடியில் திரளும். அது மெழுகு போல உருண்டால் இறக்கிவிட வேண்டும். பிந்தினால் கருகிவிடும். மற்ற ஊர்களில் கரண்டியால் எடுத்து, ஆறவைத்து உருட்டிப் பார்ப்பார்களாம். எங்கள் வீட்டில் எண்ணெய்க்குக் கரண்டியே கிடையாது. அம்மா வலது கை விரலைக் கொதிக்கும் சட்டிக்குள் விட்டுக் கசடை வழித்து எடுப்பாள். முகம் மாறாது. நிதானமாக உருட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சு, எறக்கு" என்பாள்.

"எப்படித்தான் தாங்குதோ" என்றாள் புதிதாக வந்தவள்.

"உலகம்மா கை அம்மன் குடுத்த கைல்லா. அந்தக் கை பட்டுத்தான் மருந்துக்கே வேகம்" என்றாள் சுடலி அத்தை, தானே அந்தக் கையைக் கொடுத்தவள் போல.

அம்மாவின் அந்தக் கையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியே இருக்கும். அம்மியில் அரைத்து அரைத்து அப்படி ஆகிவிட்டது என்பாள்.

அக்டோபர் 23, புதன்

முற்றம் காலியான பிறகு அம்மா என் சட்டைக் கையை மடித்துவிட்டு இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் படையைப் பார்த்தாள். படை என்று நாங்கள் சொல்கிறோம். சிவப்பு இல்லை, செதில் இல்லை, வெளுத்திருக்கிறது. பள்ளிக்குப் போன காலத்தில் லேசான தேமல் மாதிரி இருந்தது. இப்போது அகன்றுவிட்டது. அரிப்பதே இல்லை, அதனால் மறந்துபோகும்.

அம்மா சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துத் தேய்த்தாள். படர்தாமரைக்காரர்கள் இந்த மருந்துக்குத் துள்ளிக் குதிப்பார்கள்.

"எரியுதா?"

"எரியுது" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அப்படிச் சொன்னேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எனக்கு முழுக்கைச் சுடிதார். அரைக்கை கேட்டிருந்தேன். "மழைக்காலம், குளிரும்" என்றாள் அம்மா. மழையே இல்லை.

நவம்பர் 4, திங்கள்

அம்மா கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தாள். மற்றது வழியில் எங்கோ கழன்றுவிட்டது. வாசலுக்கு வந்து நான் சொல்லும் வரை அவளுக்குத் தெரியவில்லை. சுடலி அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மதினி, எந்த ராசாவ நெனச்சிட்டு நடந்திய?" என்றாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு பழைய ரப்பர் துண்டை வெட்டி, செருப்புக்குப் பின்னால் வார் வைத்துத் தைக்கச் சொன்னாள். தைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவள் காலைத் துடைத்துவிடும்போது குதிகாலில் ஒரு கருவேல முள் இருந்தது. முழு முள். சுற்றிலும் சீழ். எத்தனை நாளாக நடந்தாளோ. பிடுங்கி, வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஊரே சந்தோஷப்படுகிறது.

எண்ணெய் காய்ச்சும்போது ஒரு கிழவர் வாசலில் கூப்பிட்டார் என்று அம்மா எழுந்து போனாள். எண்ணெய் நுரை அடங்கி வந்தது. பதம் பார்க்க வேண்டிய நேரம். சுடலி அத்தை, "ஏட்டி, ஒங்கம்மா வரதுக்குள்ள கருகிரும். நீ விட்டுப் பாரேன் கைய. அம்மன் ஒனக்கும் குடுத்திருக்காளான்னு பாப்போம்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்ப்பது எனக்குத் தாங்காது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கையை விடுவதுதான் எளிதாக இருந்தது.

இடது கையின் சுண்டு விரலை விட்டேன். கசடை வழித்து எடுத்து உருட்டினேன். மெழுகு போல உருண்டது.

சுடவில்லை.

யாரோ குலவை போட்டார்கள். சுடலி அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "வந்துட்டுடி, அம்மா கை மகளுக்கு வந்துட்டு" என்றாள். அவள் மகள் தர்ஷினி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தொட்டில் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். அத்தை பீடி ஒப்படைக்கப் போனால் என் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிவிடுவாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பிடித்திருந்தது என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. பிடித்திருந்தது.

அம்மா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டாள். என் கையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டியை இறக்கி, நல்ல பதத்தில் இருந்த எண்ணெய் முழுவதையும் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டாள்.

"என்ன மதினி இது?"

"கருகிட்டு" என்றாள் அம்மா.

கருகவில்லை. நான் உருட்டிப் பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

விரலில் பெரிய கொப்புளம். வலிக்கவில்லை. அம்மா இன்று சாப்பிடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வருகிறார்கள் என்று காலையிலேயே பேச்சு. தோலைப் பார்க்கிறார்களாம். அம்மா என்னைப் பொழுது சாயும் வரை ஆற்றங்கரையில் நொச்சி பறிக்கச் சொல்லி அனுப்பினாள். நொச்சி வீட்டுப் பின்னாலேயே இருக்கிறது.

திரும்பி வந்தபோது கதவில் சாக்பீஸால் குறி போட்டிருந்தது. பார்த்தாயிற்று என்று அர்த்தம். நர்ஸ் ஜெபமலர் அக்காவிடம், "வீட்டுல ரெண்டு பேருதான். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. இருந்தா நாங்களே மருந்து போட்டுக்கிட மாட்டமா" என்று அம்மா சொன்னதாகச் சுடலி அத்தை சொல்லிச் சிரித்தாள். நர்ஸும் சிரித்தாராம்.

ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. டாக்டர்கள் பள்ளிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தோல் பார்க்கப்போகிறார்கள் என்று டீச்சர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். இலை பறிக்க ஆள் வேண்டும் என்று அம்மா மறுநாளே என்னை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

சுகாதார நிலையத்துச் சுவரில் பெரிய எழுத்தில், உணர்ச்சி இல்லாத தேமல் என்று தொடங்கி எதுவோ எழுதியிருக்கிறது. மீதி எழுத்தின் மேல் யாருடைய பூப்புனித நீராட்டு விழா போஸ்டரோ ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அம்மா சேராங்கொட்டைப் பாலை என் படையில் வைத்தாள். ஒரு துளி பட்டாலே உடம்பு பொங்கிவிடும் என்று மற்றவர்களுக்கு அவள் இதைத் தொடுவதே இல்லை. தோல் கறுத்துப் பொங்கியது.

"எரியுதா?"

"எரியுது."

"எப்படி எரியுது?"

எனக்குத் தெரியவில்லை. நடவு நாளில் மருதாணிக்குக் காலை உதறினவள் ஞாபகம் வந்து, "ரொம்ப எரியுது" என்றேன். அம்மா கையை விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

இடது கையால் பொத்தான் போட முடியவில்லை. சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேர மறுக்கிறது. தம்ளர் இரண்டு தடவை நழுவியது. அம்மிதான் காரணம். ஆனால் குழவியை அழுத்துவது என் வலது கைதான், இடது கை சும்மா பிடித்திருக்கும்.

நவம்பர் 27, புதன்

மழை. முற்றத்தில் சாக்கு கட்டி அதன் கீழே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சுடலி அத்தை தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மதினி, இவ தோள்பட்டைக்குக் கீழ தேமலு. பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைய எல்லாம் கேலி பண்ணுதாம். கொஞ்சம் மருந்து தடவி விடுங்க" என்றாள்.

தர்ஷினி மருந்துக்கு ஊரைக் கூட்டுகிற பிள்ளை. போன ஆடியில் காலில் சிரங்கு வந்தபோது நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அத்தை இன்றும் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

அம்மா சீமை அகத்தியைத் தேய்த்தாள்.

தர்ஷினி அழவில்லை. அம்மியின் மேல் இருந்த மருதாணி உருண்டையை எடுத்து உள்ளங்கையில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிள்ளை பொட்டு வைத்து முடித்து என்னிடம் கையைக் காட்டியது.

"பாத்தியளா, எம் பிள்ளைக்குப் புத்தி வந்துட்டு. அழவே இல்ல" என்று அத்தை சுற்றிலும் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் பிள்ளையைப் புகழ்ந்தார்கள். ஒருத்தி முறுக்கு கொடுத்தாள்.

அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இலைச்சாறு அவள் மடங்கின விரல்களுக்கு நடுவே வழிந்து தரையில் சொட்டியது.

நவம்பர் 28, வியாழன்

காலையில் அம்மாவே பேசினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"எரியுதுன்னு சொன்னது பொய்தானட்டி?"

தலையாட்டினேன்.

"எனக்கு மருந்து போட்டப்ப நானும் அப்படித்தான் சொன்னேன். பெறவு சொல்லிச் சொல்லி எரியுத மாதிரியே இருந்துது."

இன்னொரு கீரைக்கட்டைப் பிரித்தாள். பிறகு, "ஒங்கப்பன் வீட்டுல எனக்குத் தட்டு தனி, தம்ளர் தனி. பாயைக் கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்துல போட்டாவ. ஒன்னைய எங்கிட்ட தரமாட்டோம்னாவ. தூக்கிட்டு ஓடியாந்தேன். இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எங் கையத் தேடி வாராவ. தெரிஞ்சா ஒரு குருவி கூட இந்த வாசல்ல எறங்காது. ஒன்னைய யாரு கெட்டுவா?" என்றாள்.

"பிள்ளைக்கு?" என்றேன்.

அந்த ஒரு சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா ஆய்ந்த கீரையையும் காம்பையும் ஒன்றாகப் போட்டுக் கழுவினாள்.

நவம்பர் 29, வெள்ளி

சுகாதார நிலையத்து கேட் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "எங் கையில ஒரு தேமல் இருக்கு, அதுல உணர்ச்சி இல்ல." சின்ன வாக்கியம்தான். கேட்டைத் தாண்டியதும் மறந்துவிட்டது. ஜெபமலர் அக்கா ஊசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டேன்.

அவர் பெட்டியை வைத்துவிட்டார்.

"நீ உலகம்மா மகள்லா? அன்னைக்கு வீட்டுல இல்லையே. ஒக்காரு."

முழங்கையின் உள்பக்கம் விரலால் தடவினார். கயிறு மாதிரி ஏதோ உருண்டது. தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். பிறகு, "கண்ண மூடிக்க. நான் பேனா முனையால தொடுவேன். எங்க தொட்டேனோ அங்க விரல வச்சுக் காட்டு. சரியா?" என்றார்.

மூடினேன். வலது கையில் தொட்டார், காட்டினேன். தோளில் தொட்டார், காட்டினேன். பிறகு நிறுத்திவிட்டார். காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ ஆட்டை விரட்டினார்கள். இடது கையை எப்போது தொடுவார் என்று எல்லா நினைப்பையும் அங்கேயே வைத்துக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்திருந்தால் பேனாவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அம்மாவிடம் அப்படித்தான் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"தொடுங்கக்கா" என்றேன்.

"தொட்டுக்கிட்டுத்தானம்மா இருக்கேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். படை முழுக்க நீல மைப் புள்ளிகள்.

அவர் ஒரு பேர் சொன்னார். எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். தொழுநோய். எழுதிவிட்டேன்.

மாத்திரை இருக்கிறதாம். டாக்டர் பார்த்து எழுதித் தருவாராம். மாதக் கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். சாப்பிடத் தொடங்கிவிட்டால் என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாதாம். "இலையக் குத்தம் சொல்ல மாட்டேன். சேத்துப்புண்ணுக்கு நானே ஒங்கம்மாட்ட மருதாணி வாங்கிப் போட்டிருக்கேன். அது தோலுக்கு. இது நரம்புக்குள்ள இருக்கு. எத்தன தேய்ச்சாலும் இலைச்சாறு அங்க போவாது" என்றார்.

விரலைக் காட்டினேன்.

"முழுசா நிமிருமான்னு சொல்ல முடியாது. இதுக்கு மேல மடங்காம பாத்துக்கிடலாம்" என்றார். பொய் சொல்லவில்லை.

பிறகு பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, "ஒங் கூட வேற யாரு இருக்கா? அடிக்கடி பக்கத்துல இருக்கது, படுக்கது?" என்று கேட்டார்.

அவர் அவசரப்படுத்தவில்லை. சுவரில் இருந்த பல்லி நகர்ந்து டியூப்லைட்டுக்குப் பின்னால் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றேன். பிறகு, "அடுத்த வீட்டுப் பிள்ளை."

டிசம்பர் 3, செவ்வாய்

காலையிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு நர்ஸ் வருவாவ. நாந்தான் வரச் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஊமத்தை இலையை நறுக்கினாள். வழக்கம்போல எண்ணெய் வைத்தாள். ஒருவேளை கடைசித் தடவை என்று நினைத்தாளோ என்னவோ. முற்றம் நிறைய ஆட்கள். சுடலி அத்தை முறத்தில் பீடி இலையோடு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தர்ஷினி அவள் மடியில்.

எண்ணெய் நுரை அடங்கியது. பேச்சும் அடங்கியது. அம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வலது கையைச் சட்டிக்கு மேல் கொண்டுபோனாள். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். கை நிற்கவில்லை.

நான் எழுந்து போய் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம்மா. சுடும்" என்றேன்.

எல்லாருக்கும் கேட்டது. ஒரு நொடி கழித்துச் சிரித்தார்கள். "ஏட்டி, பேச்சிக்கு வாய் வந்துட்டு. வந்ததும் வராததுமா என்ன சொல்லுதா பாருங்க. ஒங்கம்மாவுக்கா சுடும்?" என்றாள் சுடலி அத்தை.

அம்மா கையை உதறவில்லை. என் பிடிக்குள் அது கனமாக இருந்தது. புகைக்கு நடுவில் என் மடங்கின விரலும் அவளுடைய மடங்கின விரலும் பக்கம் பக்கமாக இருந்தன. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நின்றது.

"சாப்பாட்டுக் கரண்டி உள்ள கெடக்கு. எடுத்துட்டு வா" என்றாள்.

சிரிப்பு நின்றது. சுடலி அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேர் கைகளையும் பார்த்தாள். வாசலில் நின்ற நர்ஸைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, மடியில் இருந்த தர்ஷினியின் சட்டையைத் தோளிலிருந்து விலக்கினாள்.

நான் கரண்டி எடுக்க உள்ளே போனேன். எண்ணெய் கருகும் வாசனை வந்தது.